காமாலைப் பத்தியம்

சேலம் பெரியாஸ்பத்திரி வாசலில் வைத்துத்தான் சித்ரா அந்தப் பொய்யைச் சொன்னாள். ஒரு கையில் மாத்திரைப் பை, இன்னொரு கையில் புருஷனின் சட்டை நுனி. பூபதி சின்னப் பிள்ளை மாதிரி பிடித்த பிடிக்கு வந்துகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து மோகனூரிலிருந்து வசந்தாமணி போன் அடித்தாள். பூபதியின் அக்கா, சித்ராவுக்கு நங்கையாள்.

"தம்பி போனே எடுக்க மாட்டேங்கறான். எங்கடி இருக்கறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தோமுங்க நங்கையா."

"ஆருக்கு என்ன?"

பூபதி அவளைப் பார்த்தான். சொல்லாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. வழியெல்லாம் அவன் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். பசிக்கிறது என்று சொல்லவில்லை, தாகம் என்று சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரியக் கூடாது.

"அவருக்குத்தானுங்க. காமாலைன்னு சொல்றாங்க."

வாயில் முதலில் வந்த நோய் அதுதான். யோசித்துச் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். காமாலை மரியாதையான நோய். குடிக்கிறவனுக்கும் வரும், குடிக்காதவனுக்கும் வரும். அதைச் சொன்னால் யாரும் குரலைத் தாழ்த்திப் பேச மாட்டார்கள், பெண் கேட்டு வருகிறவன் பாதி வழியில் திரும்ப மாட்டான். ஊர் ஊராகப் போய்க் கண்ட தண்ணீரைக் குடிக்கிற ரிக் வண்டிக்காரனுக்குக் காமாலை வராமல் இருந்தால்தான் அதிசயம்.

பூபதி போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் முக்கால்வாசி மத்தியப் பிரதேசத்திலும் ஒரிசாவிலும் கிடப்பான். வண்டிக்கு அடியிலேயே சமையல், வண்டிக்கு மேலேயே படுக்கை. மழைக்காலத்துக்கு வண்டி திருச்செங்கோட்டுக்குத் திரும்பினால் அவன் வெண்ணந்தூர்ப் பக்கம் இருக்கிற தன் காட்டு வீட்டுக்குத் திரும்புவான். இந்த முறை ஆள் திரும்பினான், தூக்கம் திரும்பவில்லை. கம்ப்ரசர் சத்தம் காதுக்குள்ளேயே ஓடுகிறது என்றான். பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டான். தட்டில் போட்ட சோறு காய்ந்து வறட்டியாகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பான். கடன் கிடையாது, குடி கிடையாது, வேறு வம்பும் கிடையாது. என்ன காரணம் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஒரு விடியற்காலையில் பாயில் ஆளைக் காணோம். சித்ரா ஓடிப் பார்த்தபோது தண்ணீர் வற்றின கிணற்றின் மேட்டில், காலை உள்ளே தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"கிட்ட வராத," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "போயிராத," என்றான்.

அவள் கிட்டவும் போகவில்லை, விட்டும் போகவில்லை. நாலு முழம் தள்ளி மண்ணில் உட்கார்ந்தாள். மாடு கத்தியது. பால்காரர் சுப்பையன் வாசலில் மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வெயில் முதுகில் ஏறின பிறகுதான் பூபதி காலை எடுத்து இந்தப் பக்கம் போட்டான். அப்படியே பஸ் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

மனநோய்ப் பிரிவில் இருந்த டாக்டர் நல்ல மனிதர். சத்தம் போடாமல் பேசினார். இந்த மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், நடுவில் நிறுத்தக் கூடாது, அதுவரைக்கும் இவரைத் தனியே விடக் கூடாது என்றார்.

"வீட்ல கூட யாரு இருக்காங்க?"

"நான் இருக்கறனுங்க."

"உங்களைத் தவிர?"

சித்ரா யோசித்தாள். மகள் அபிநயா நாமக்கல்லில் பள்ளிக்கூட ஹாஸ்டலில் பன்னிரண்டாவது படிக்கிறாள். பரீட்சை முடியும்வரை அவளுக்கு இது தெரியவே கூடாது. பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் சொன்னால் அன்று பொழுது சாய்வதற்குள் வெண்ணந்தூர்ச் சந்தையில் பேச்சு விழும். ரிக் மேனேஜர் காதுக்குப் போனால் அடுத்த சீசனுக்கு வண்டியில் ஏற்ற மாட்டார். துளை போடுகிற இரும்பு ராடு மேல் கை வைக்கிற வேலைக்கு இப்படிப்பட்ட ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்? அவள் யோசித்து முடிப்பதற்குள் டாக்டர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை டிபன் நேரத்துக்கெல்லாம் வசந்தாமணி வந்து இறங்கினாள். தோளில் துணிப் பை, கையில் வேரோடு பிடுங்கின கீழாநெல்லி ஒரு கட்டு, இடுப்பில் ஒரு மண்சட்டி. பூபதிக்கு நாலு வயதாக இருக்கும்போது தாய் போய்விட்டாள். அன்றிலிருந்து அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே கரும்புக் காட்டில் தோகை உரித்தவள் வசந்தாமணி. மோகனூருக்கு வாக்கப்பட்டுப் போகும்போது தம்பியையும் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். அவள் சொல்லுக்கு அவன் எதிர்ச்சொல் சொன்னதே இல்லை.

"சாமி, என்றா இப்பிடி எளச்சுக் கெடக்கற," என்று கன்னத்தைத் தடவினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் இமையைப் பிரித்து மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை. நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது, இனி வைத்தியம்தான்.

அடுப்படி அன்றைக்கே கை மாறியது. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, புளி கிடையாது. குழைந்த சோறு, நீர்மோர், வெறும் வயிற்றில் கீழாநெல்லி உருண்டை. தட்டு தனி, டம்ளர் தனி. சித்ரா ஒரு வாய் ரசமாவது கொடுக்கலாமே என்றாள்.

"ரசமா? புளி பட்டாக் காமாலை திரும்புமாமா. திரும்புன காமாலைக்கு மருந்தில்ல. என்ற கொழுந்தன் பங்காளி ஒருத்தன் ஊறுகாயத் தொட்டு நக்குனான். மூணாம் நாளு பாடை."

பொழுது சாய வசந்தாமணி அடுத்த ஏற்பாட்டைச் செய்தாள். காமாலைக்காரனுக்கு வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, நாலு பேர் மூச்சு ஆகாது. வீட்டின் பின்பக்கம் ஒரு காலத்தில் தறி ஓடின அறை சும்மா கிடந்தது. தறியை விற்றாயிற்று, அதைப் பிடித்து வைத்திருந்த இரும்பு போல்ட்டுகள் மட்டும் தரையில் முளைத்துக் கிடந்தன. ஜன்னல் இல்லை. மேலே ஒரு வெளிச்ச ஓட்டை. குளுகுளுவென்று இருக்கும் என்று பாயை அங்கே போட்டாள்.

"நானும் அங்கயே படுத்துக்கறனுங்க நங்கையா," என்றாள் சித்ரா.

வசந்தாமணி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி, காமாலையில கெடக்கறவங்கூடப் பொண்டாட்டி ஒரே ரூம்புல படுப்பாளா? உடம்பு தாங்குமா அவனுக்கு? உனக்கு அத்தன அவசரம்னா அவன் எந்திரிச்சப்பறம் வெச்சுக்க."

பக்கத்தில் களை வெட்ட வந்திருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சித்ராவுக்கு முகம் எரிந்தது. தனியே விடாதே என்றது டாக்டர். தனியே போடு என்றது காமாலை. சொன்ன வாய் அவளுடையது. அந்த வாயைத் திறந்து மாற்றிச் சொல்லவும் வழியில்லை. அக்கா காலடிச் சத்தம் கேட்டாலே பூபதி சித்ராவின் கையைப் பிடித்து அழுத்துவான். சத்தியம் வாங்காத குறை.

பிறகு வந்த நாட்களில் சித்ரா சாக்குத் தேடும் பிழைப்பாகவே பிழைத்தாள். மோர் கொடுக்கிறேன் என்று ஒரு தரம், போர்வை உதறுகிறேன் என்று ஒரு தரம், பல்லி சத்தம் கேட்டது என்று ஒரு தரம் தறி அறைக்குள் போனாள். படுத்தால் கண் மூடாது. நடுவீட்டில் குறுக்கே படுத்திருக்கும் வசந்தாமணியைத் தாண்டித்தான் அந்த அறைக்குப் போக வேண்டும். தாண்டினால், "எங்கடி?" என்பாள். குளிக்கப் போனால் பாதி ஈரத்தோடு ஓடிவந்தாள். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கும்போது கை அரிவாளில் இருக்கும், காது தறி அறையில் இருக்கும். இரண்டு முறை விரலை வெட்டிக்கொண்டாள். காட்டு வீடு என்பதால் சுற்றிலும் திறந்த வெளிதான். கண்ணுக்கெட்டின தூரம் மரவள்ளியும் நிலக்கடலையும். அவளுக்கு மட்டும் அது நாலு பக்கமும் சுவர் வைத்த பொந்தாக இருந்தது.

மாத்திரையை அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் ஒளித்து வைத்து, மோரோடு கொடுத்து வந்தாள். எண்ணெய் சேராத சமையலுக்குத் தாளிப்பு எதற்கு, கடுகு பக்கம் யாரும் வர மாட்டார்கள் என்ற கணக்கு. ஆனால் கடுகில் வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வசந்தாமணி பெட்டியைக் கவிழ்த்தாள்.

"என்னடி இது?"

"ஆஸ்பத்திரில குடுத்ததுங்க. சத்து மாத்திரை."

"கீழாநெல்லி குடுக்கறப்ப இங்கிலீசு மாத்திரையக் குடுத்தா ஈரலு வெந்து போயிரும், தெரியுமா? அவன் நாளுக்கு நாள் இப்பிடிச் சோந்து போறதுக்கு இதான் காரணம். என்ற தம்பியக் கொன்னு போடறயாடி?"

அட்டை அட்டையாகப் பிதுக்கி எருக்குழியில் போட்டு, மேலே ஒரு கூடைச் சாணியையும் கொட்டினாள். ஆத்திரத்தில் செய்யவில்லை, அழுதுகொண்டே செய்தாள். தம்பி உயிரைக் காப்பாற்றுகிற அழுகை அது. அதனால்தான் சித்ராவால் அவளை வெறுக்கவும் முடியவில்லை.

இனி மாத்திரைக்குச் சேலம் போக வேண்டும். போனால் போக வர ஒரு பகல். அந்த ஒரு பகல் யாரிடம் இவரை விட்டுவிட்டுப் போவது? எதற்குக் காவல் என்றே தெரியாத காவலிடமா? கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் பத்தியத்தில் இருப்பவன் படி தாண்டக் கூடாது. சித்ரா கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஒரு வார்த்தையில் வந்து முட்டியது.

பூபதி மறுபடி சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான்.

தங்கசாமியை வரவழைத்தது வசந்தாமணிதான். பால்காரர் சுப்பையன் சொல்லியிருந்தார்: ராசிபுரத்தில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றுகிற ரீட்ரேடிங் பட்டறையில் வேலை செய்கிற தங்கசாமிக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் கடுமையான காமாலை, சாகக் கிடந்து பிழைத்தவர். பிழைத்தவன் வாயால் நாலு வார்த்தை சொன்னால் தம்பிக்குத் தெம்பு வரும் என்று வசந்தாமணி ஆள் விட்டாள்.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ரப்பர் கருப்பு ஏறின விரல்கள். மொபெட்டை நிறுத்திவிட்டு இரண்டு இளநீரோடு வந்தார். தறி அறைக்குள் குனிந்து நுழைந்து பூபதியின் எதிரில் உட்கார்ந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தை வெளிச்ச ஓட்டைப் பக்கம் திருப்பிப் பார்த்தார். வாசலில் நின்ற சித்ராவும் எட்டிப் பார்த்தாள். பூபதியின் கண் பாலாக வெளுத்திருந்தது.

"எப்பிடிங்க இருக்குது?" என்றாள் வசந்தாமணி.

"இருக்குதுங்கக்கா," என்றார் தங்கசாமி, முகத்தில் ஒரு சுருக்கமும் காட்டாமல். "வெள்ளாட்டுப் பாலு அரைப் படி கெடைக்குமுங்களா? கையோட கறந்ததா இருக்கோணும்."

"அதுக்கென்ன, பக்கத்துக் காட்டுல இருக்குது," என்று சொம்பை எடுத்துக்கொண்டு வசந்தாமணி ஓடினாள்.

அவள் வரப்பு தாண்டும் வரை தங்கசாமி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூபதியின் முன்னால் பிரித்து வைத்தார். காராபூந்தி.

"தின்னுங்க தம்பி. எனக்கு வந்ததும் இதே காமாலைதான்."

பூபதி நிமிர்ந்தான்.

"எங்கூட்டுக்காரியும் ஊரெல்லாம் இப்பிடித்தான் சொல்லி வெச்சா. ஒன்றர மாசம் உப்பில்லாச் சோறு. உசுரு வேண்டாம்னு நெனச்சவனுக்கு அந்தச் சோத்தத் தின்னா நெனப்பு எச்சாகுமா, கொறையுமா? நீங்களே சொல்லுங்க."

பூபதியின் வாயோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஒரு பூந்தியை எடுத்து வாயில் போட்டான். உப்பு பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இப்பவும் அந்த நெனப்பு வருதா?" தங்கசாமி ஜுரம் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

சித்ராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் இத்தனை நாள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் அதுவே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்திருந்தாள்.

பூபதி தலையை ஆட்டினான். "வருதுங்க."

"வந்தா இந்தம்மணியக் கூப்பிடறீங்களா?"

"வாய் வர மாட்டேங்குதுங்க. உள்ள இருந்து யாரோ கெட்டியாப் புடிச்சுக்கற மாதிரி."

"எனக்கும் அப்பிடித்தான். நீங்க ரிக் வண்டிக்காரருதானே? கம்ப்ரசர் ஓடறப்ப எப்பிடிப் பேசுவீங்க? ஒருத்தன் கத்தறது ஒருத்தனுக்குக் கேக்காதே."

"கைச்சாடைதானுங்க."

"வண்டிய நிறுத்தோணும்னா?"

பூபதி வலது கையை மடக்கி முஷ்டியாக்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். வந்த நாளிலிருந்து அவன் செய்த வேகமான காரியம் அதுதான்.

"இதப் பாத்தா லீவரப் புடிச்சுட்டு இருக்கறவன் ஏன் எதுக்குன்னு கேப்பானா?"

"கேக்க மாட்டானுங்க. மொதல்ல வண்டி நிக்கும். அப்பறந்தான் கேள்வி."

"அதேதான். வாய் வரலீன்னா கையத் தூக்குங்க. அம்மணி, நீங்களும் பாத்து வெச்சுக்கங்க."

வெளியே வந்ததும் சித்ரா அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கிணறு, டாக்டர், கடுகுக்கு அடியில் மாத்திரை, எருக்குழி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அக்காகிட்டச் சொல்லீருங்க," என்றார்.

"அவரு வேண்டாங்கறாருங்க. பொண்ணு வேற இருக்கறா."

"சரி. நான் புத்தி சொல்லப் போறதில்ல. எங்க சட்டம் அது. ஞாயித்துக்கிழம பட்டறை லீவு. அங்க டயரப் போட்டு உக்காந்துக்குவோம், ஏழெட்டுப் பேரு. எல்லாரும் இந்த மாதிரிக் காமாலைக்காரங்க, இல்லாட்டி அவங்க ஊட்டுக்காரங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்களுக்கு நடந்ததச் சொல்லலாம். அடுத்தவனுக்குப் புத்தி சொன்னா அன்னைக்கு டீ அவங்க செலவு. மொதல்ல நெம்ப நாளு நாந்தான் வாங்கிக் குடுத்தேன்." மொபெட் மேல் ஒரு காலைப் போட்டவர் நின்றார். "ராத்திரி நேரத்துல முடியலீன்னா 104க்கு அடிங்க, 14416க்கு அடிங்க, கவர்மெண்டு நம்பரு. பேசுவாங்க, நல்லாவே பேசுவாங்க. ஆனா ஊட்டுக் கதவத் தட்டறதுக்கு ஆள் வேணுமில்ல. அதுக்கு எனக்கு அடிங்க. ஒத்த ஆளு காவல் காவலில்ல அம்மணி. நீங்களும் கண்ண மூடித்தான ஆகோணும்."

நம்பரைப் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளாட்டுப் பாலோடு வந்த வசந்தாமணி, "என்ன சொன்னாரு?" என்றாள்.

"தைரியமா இருக்கச் சொன்னாருங்க," என்றாள் சித்ரா. பொய்க்கு இன்னொரு கவளம் போட்டாயிற்று.

அடுத்து வந்த மத்தியானம் மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து நிலக்கடலைக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. சித்ரா ஓடினாள். மாட்டைப் பிடித்து, காட்டுக்காரியிடம் பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்டு, இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் வசந்தாமணி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

தறி அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"ஏனுங்க." காதைக் கதவில் வைத்தாள். "ஏனுங்க, கதவத் தெறங்க."

"சும்மா இரு," என்று வசந்தாமணி குரல் கொடுத்தாள். "இன்னைக்குத்தான் அசந்து தூங்கறான். ஈ மொய்க்குதுன்னு நாந்தான் தாப்பாள் போட்டுக்கடா சாமின்னேன்."

சித்ரா இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். வசந்தாமணி எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"மானங்கெட்டவளே, பட்டப்பகல்ல என்னடி உனக்கு? பத்தியத்துல கெடக்கறவன நிம்மதியாத் தூங்க உட மாட்டயா?"

சித்ரா கையை உதறிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினாள். தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி வெளிச்ச ஓட்டையில் முகத்தை வைத்தாள். வெயிலில் இருந்து பார்த்ததால் உள்ளே முதலில் கருப்புதான் தெரிந்தது. பிறகு வேட்டி தெரிந்தது. பூபதி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். தலை தொங்கியிருந்தது. வலது கை மட்டும் முஷ்டி பிடித்துத் தலைக்கு மேலே நின்றது. பார்க்க யாருமில்லாத அறையில், எவ்வளவு நேரமாகவோ, அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். முழங்கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டேன்," என்று அவள் ஓட்டைக்குள் சொன்னாள். "பாத்துட்டனுங்க. கைய எறக்காதீங்க."

குதித்து வந்து வசந்தாமணியின் முன்னால் நின்றாள்.

"அவருக்குக் காமாலையில்லீங்க. ஒரு நாளும் காமாலையில்ல. சாகறதுக்குன்னு கெணத்து மேட்டுல போயி உக்காந்திருந்தாருங்க. நான் பாத்துக் கூட்டியாந்தேன். நீங்க குழியில போட்டது அதுக்கு உண்டான மாத்திரை. தனியா உடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்க. கதவ ஒடைக்கோணும். இப்ப ஒடைக்கோணும்."

வசந்தாமணி அவளை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். சித்ரா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அடித்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு வசந்தாமணி திரும்பி மாட்டுக் கொட்டகையைப் பார்த்து நடந்தாள், நடை ஓட்டமானது. கடப்பாரையோடு வந்தாள். தாழ்ப்பாள் இருக்கும் இடம் பார்த்து நெம்பினாள். கரும்புக் கட்டைத் தூக்கி லாரியில் ஏற்றின தோள் அது. மூன்றாவது நெம்பில் கீலோடு கதவு உள்பக்கம் சாய்ந்தது.

பூபதியின் மடியில் என்ன கிடந்தது என்பதை இரண்டு பேரும் பார்த்தார்கள். அதைப் பற்றி அவர்கள் இன்றுவரை ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில்லை. வசந்தாமணி குனிந்து அதை எடுத்து முந்தானையில் சுருட்டிக்கொண்டு வெளியே போனாள்.

சித்ரா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தூக்கின கையை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இறக்கினாள். விறைத்துப் போயிருந்தது.

"நின்னாச்சுங்க," என்றாள். "வண்டி நின்னாச்சு."

தங்கசாமிக்கு அடித்தாள். டயர் பட்டறையின் சத்தத்துக்கு நடுவில், "வாரேன்," என்று மட்டும் சொன்னார். வரும்போது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருத்தியான மஞ்சுளாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிறவள், முப்பது வயது இருக்கும். காதோரம் பஞ்சு ஒட்டியிருந்தது. தறியை நிறுத்திவிட்டு அப்படியே வந்திருக்கிறாள். கார் பிடித்துச் சேலம் போய்ச் சேரும்வரை தங்கசாமி பூபதியின் ஒரு பக்கத்திலும் சித்ரா இன்னொரு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சுளா வீட்டில் வசந்தாமணியோடு தங்கினாள்.

"அப்பிடி என்ன கொறை வெச்சேன் அவனுக்கு?" என்று வசந்தாமணி கேட்டுக்கொண்டே இருந்தாளாம். சோற்றிலா, துணியிலா, பாசத்திலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாளாம். மஞ்சுளா எதற்கும் பதில் சொல்லாமல் அவரையை உரித்தாளாம். கடைசியில், "எனக்கும் ஒரு கொறையும் இல்லீங்க, இருந்தும் வந்துச்சு," என்றாளாம். வசந்தாமணியும் அவரையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாளாம்.

ஆஸ்பத்திரியில் சில நாள் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். மாத்திரை மறுபடி முதலிலிருந்து. டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார், கூட யார் இருக்கிறார்கள் என்று. சித்ரா இந்த முறை நங்கையாள், தங்கசாமி, மஞ்சுளா என்று பெயர் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே நம்பிக்கை இல்லை.

வீடு அப்படியேதான் இருந்தது. கழன்ற கதவு வாசலில் சாய்ந்து கிடந்தது; யாரும் அதை மாட்டச் சொல்லவில்லை. பூபதி குணமாகிவிடவில்லை. ஒரு நாள் இரண்டு வாய் தின்றால் மறுநாள் ஒரு வாயும் தின்ன மாட்டான். வசந்தாமணி அவன் தட்டில் உப்புப் போட்டாள். போட்டுவிட்டு அடுப்படிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ரிக் மேனேஜருக்கு என்ன சொல்வது, அபிநயாவுக்கு எப்போது சொல்வது என்பது எதுவும் தீரவில்லை. சித்ராவின் கண்ணும் இன்னும் மூடவில்லை. படுத்தால் அந்தக் கைதான் தெரிந்தது.

சுப்பையன் பால் எடுக்க வந்தபோது, "காமாலை எப்பிடிங்கக்கா, எறங்கிருச்சா?" என்றார்.

வசந்தாமணி வாயெடுத்தாள். சித்ராவைப் பார்த்தாள். சித்ரா சொம்பைத் தரையில் வைத்தாள்.

"காமாலையில்லீங்கண்ணா. மனசுக்குச் சொகமில்ல. பெரியாஸ்பத்திரில பாக்கறோம்."

சுப்பையன் பாலை அளந்தார். கேனை மூடினார். மூடியைத் திறந்து மறுபடி மூடினார். "அப்பிடீங்களா," என்றார். போய்விட்டார். அவர் இனி எத்தனை வாசலில் அந்தச் சேதியை அளந்து ஊற்றுவார் என்று சித்ராவுக்குத் தெரியும். ஊற்றட்டும் என்று நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ராசிபுரம் போனார்கள். பட்டறையில் ரப்பர் வெந்த வாடை. லாரி டயர்களை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒரு லாரி டிரைவர் பேசினார். ஆறு மாதமாக வீட்டில் யாரிடமும் பேச முடியாமல் வண்டியிலேயே படுத்துக் கிடந்ததைச் சொன்னார். சொல்லும்போது டயரின் பட்டையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

வசந்தாமணியால் பொறுக்க முடியவில்லை. "அட சாமி, மனசத் தைரியமா வெச்சுக்கோணும். பொண்டாட்டி புள்ளையப் பாத்தா எல்லாம் சரியாப் போயிரும்."

எல்லோரும் தங்கசாமியைப் பார்த்தார்கள். தங்கசாமி எதிரில் இருந்த டீக்கடையைப் பார்த்தார்.

"என்ன? நான் என்ன சொல்லீட்டேன்?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. பத்து டீ," என்றார்.

டிரைவர்தான் முதலில் சிரித்தார். வசந்தாமணி முணுமுணுத்துக்கொண்டே சுருக்குப்பையை அவிழ்த்தாள். பூபதி சிரிக்கவில்லை. கை முழங்காலின் மேல் கிடந்தது. சித்ரா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ மடியில் ஆறியது, அவள் குடிக்கவில்லை.

பக்கத்து டயரில் இருந்த மஞ்சுளா குனிந்தாள். "அக்கா, நான் பாத்துக்கறேன். அவரு கை தூக்குனா எனக்கும் தெரியும். நீங்க செத்த நேரம் கண்ண மூடுங்க."

"வேண்டாங்க. தூக்கம் வராது," என்றாள் சித்ரா.

சொல்லும்போதே தலை டயரின் விளிம்பில் சாய்ந்துவிட்டது. யாரோ அவள் மடியிலிருந்து டீ டம்ளரை எடுப்பது தெரிந்தது. அந்தக் கையை இன்னும் ஒரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். கண் திறக்கவில்லை.